ஸ்பானிய மொழியின் 'அய்'



ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்குகிறவர் முதற் பாடங்களிலேயே சந்திக்கும் ஒரு சிறு வினைவடிவத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதற்கு எழுத்து மூன்று, முதலெழுத்து ஒலிப்பதில்லை. ஆகவே காதில் விழுவது 'அய்' என்னும் ஓரசையே. 'உண்டு' என்பது அதன் பொருள்.

'அய் ஊன் லிப்ரோ' என்றால் ஒரு நூல் உண்டு. 'அய் லிப்ரோஸ்' என்றால் நூல்கள் உண்டு. ஒருமைக்கும் பன்மைக்கும் சொல் ஒன்றே. நமக்கு இது வியப்பன்று. உண்டு என்பது ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூல் கூறுகிறதல்லவா? ஆனால், தோற்றம் ஒன்றாயினும் காரணம் வேறு.

இலத்தீனில் 'ஹபேரே' என்றால் உடைத்தாயிருத்தல். அது ஸ்பானியத்தில் 'அபேர்' ஆயிற்று. அதன் நிகழ்கால ஒருமை வடிவமாகிய 'ஆ'வோடு, 'அங்கே' எனப் பொருள்படும் 'ஈ' என்ற பழஞ்சொல் ஒட்டி 'அய்' பிறந்தது. 'அங்கே உடையது' என்பதே அதன் ஆதிப் பொருள். உடையது எது? எழுவாய் கிடையாது. நூல் இங்கே செயப்படுபொருள். அது எத்தனையானாலும் வினை மாறாது. சான்று வேண்டுமா? 'நூல்கள் உண்டா?' என்று கேட்டால், 'சீ, லோஸ் அய்' என்று விடை வரும். 'லோஸ்' என்பது 'அவற்றை' என்னும் இரண்டாம் வேற்றுமைச் சொல்.

இறந்தகாலத்திலும் 'அபீயா' என்று ஒருமையே வரவேண்டும். எனினும் லத்தீன் அமெரிக்காவில் பலர், நூல்களை எழுவாயாகக் கருதி, 'அபீயான்' என்று பன்மையாக்கிப் பேசுகின்றனர். 1713-இல் நிறுவப்பெற்ற ஸ்பானிய அரச கல்விக்கழகம் இதைச் செவ்வழக்காக ஏற்பதில்லை. பேச்சில் கேட்டால் இகழாதீர்கள், தேர்வில் எழுதாதீர்கள்.

நம் 'உண்டு' செல்லுமிடமெல்லாம் 'அய்' செல்லாது. 'எனக்கு ஒரு நூல் உண்டு' என்பதற்குத் 'தெங்கோ ஊன் லிப்ரோ' என்றே கூறவேண்டும். உடைமைப் பொருளை 'தெனேர்' என்னும் வேறொரு வினை எடுத்துக்கொண்டுவிட்டது. மேசைமேல் ஏதோ ஒரு நூல் இருந்தால் 'அய்'. நாம் முன்பே அறிந்த அந்த நூல் இருந்தால் 'எஸ்தா'. புதியதை அறிவிப்பது முன்னது; அறிந்ததன் இடத்தைக் காட்டுவது பின்னது.

இன்னொரு பயனும் உண்டு. 'அய் கே எஸ்தூதியார்' என்றால் 'படிக்க வேண்டும்'. யார் படிக்க வேண்டும் என்பது சொல்லில் இல்லை. கடமை பொதுவாக நிற்கிறது. 'நான் படிக்க வேண்டும்' எனத் தன்மேல் ஏற்றுச் சொல்பவர் 'தெங்கோ கே எஸ்தூதியார்' என்பார்.

தாய்மொழியின் ஒப்புமை அயல்மொழிக்குள் நம்மை அழைத்துச் செல்லும் நல்ல துணை. ஆனால் வாயிலைக் கடந்தபின், அந்த வீட்டின் வழக்கத்தை அந்த வீட்டாரிடமே கற்றல் வேண்டும். 'அய்' என்னும் ஓரசைச் சொல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.