சுத்தமும் வேண்டும், வீடும் வேண்டும்

(தோட்டக் கிளையின் முதியோர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் நகரத்திலுள்ள ஒரு முதியோர் இல்லத்திற்குப் போயிருந்தேன். எங்கள் லயத்தில் இருந்து 35 வருடம் கொழுந்தெடுத்த பாட்டி ஒருவர் இப்போது அங்கே இருக்கிறார். தரை பளிச்சென்று இருந்தது. வெள்ளை விரிப்பு, வேளைக்குச் சாப்பாடு. ஆனால் அவருடைய சாமி படமும் தாத்தாவின் போட்டோவும் பைக்குள்ளே, கட்டிலுக்கு அடியில் கிடந்தன. சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம். "சுத்தமாத்தான் இருக்கு தம்பி. ஆனா யாரு வீட்டிலயோ இருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அவர் ஏன் அங்கே போனார்? மலசலகூடத்துக்கு இறங்கும் படியில் பாசி. இரவு மழையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. படியைத் திருத்தச் சொல்லி அதற்கு முன்பே நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் கொடுத்திருந்தோம். மகளுக்குக் கொழும்பில் வேலை. பார்க்க ஆளில்லை.

அங்கே சுத்தம் உண்டு, வீடு இல்லை. இங்கே வீடு உண்டு, பாதுகாப்பு இல்லை. வயதானவர் ஏன் இரண்டில் ஒன்றை இழக்க வேண்டும்?

நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். முதியவரின் படுக்கையை அடுப்புப் புகை படாத பக்கம் போடுங்கள். வாசலில் ஈரச் சாக்கு கிடந்தால் எடுத்துவிடுங்கள். கால் தடுக்கும். இரவில் ஒரு டோர்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மழைக்கு முன் லயத்துக் கானை எல்லோரும் சேர்ந்து சுத்தம் செய்வோம்.

படி, கூரை, மலசலகூடம் நிர்வாகத்தின் பொறுப்பு. லயம் நம் பெயரில் இல்லை. நம் காசில் திருத்து என்று சொல்ல அவர்களுக்கு நியாயமும் இல்லை.

அரசாங்கத்துக்கும் கடமை உண்டு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயது கடந்தவர்களுக்கானது. பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது. முதியோர் இல்லங்களைப் பதிவு செய்யவும் சொல்கிறது. யாரையாவது இல்லத்தில் சேர்க்கும் முன், அது பதிவானதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சேர்த்த பிறகு அடிக்கடி போய்ப் பாருங்கள். ஆள் வந்து பார்க்கும் முதியவரைக் கவனிக்கும் விதமே வேறு.

அன்றைக்கு இல்லப் பொறுப்பாளரிடம் பேசினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேசை போட்டு, படங்களை வைக்கச் சம்மதித்தார். கேட்டால் கிடைக்கிறது, தோழர்களே. கேட்க ஆள் வேண்டும்.

வருகிற ஞாயிறு கிளைத் தலைவர்கள் லயம் லயமாக வருவார்கள். முதியவர் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் படியையும் வெளிச்சத்தையும் எழுதி, மூன்றாவது கடிதத்தோடு துரையிடம் கொடுப்போம். இந்த முறை கடிதத்தோடு நாமும் போவோம். அந்தப் படிக்கு ஒரு கைபிடி வந்தால், பாட்டி வீட்டுக்கு வரலாம்.