பெற்றோர் கண்ணில் மகனும் மகளும்

கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைப் பகுதி றப்பர் விளையும் பூமி. பொழுது நன்கு புலருமுன்னரே பால்வெட்டும் கத்தியும் வாளியும் ஏந்தி ஆண்களும் பெண்களும் மரங்களை நாடிச் செல்வர். வெயில் ஏறிவிட்டால் பாலோட்டம் குறையும்; ஆகையால் வைகறையே வேலைக்கு உகந்த வேளை. பட்டையை ஆழமாகச் சீவினால் மரம் புண்படும். மேலாகச் சீவினால் பால் வாராது. அந்த நுட்பம் கைவரப் பெற்றவர் யாராயினும் அவர் வைத்த சிரட்டை நிறையும். கத்தி பிடித்த கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று மரம் கேட்பதில்லை.

மரம் கேளாத கேள்வியை மனிதர் கேட்டனர். தோட்டத்துச் சம்பளக் கணக்கிலே ஆணாள், பெண்ணாள் என்ற பிரிவு நெடுங்காலம் நிலவியது. பெண்ணாளுக்குக் கூலி குறைவு. 1984ஆம் ஆண்டிலேதான் தோட்டத் தொழிலில் இருபாலார்க்கும் சமசம்பளம் கிடைத்தது. கணக்குப் புத்தகத்தில் அழிந்த அந்தக் கோடு, லயத்து வீட்டினுள்ளும் அழிந்துவிட்டதா என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது.

பத்து வயது மகனும் எட்டு வயது மகளும் உடைய தாய் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். மலையிலிருந்து களைத்து வருகிறாள். தண்ணீர்க் குடத்தை எடுக்கச் சொல்வது மகளைத்தான். தம்பியோ தங்கையோ அழுதால் தூக்கிக்கொள்ள வேண்டியவளும் அவளே. அண்ணன் உண்ட தட்டையும் அவளே கழுவுகிறாள். காரணம் கேட்டால், “அவன் ஆம்பிளைப் பிள்ளை, இவள் நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்” என்பாள் தாய்.

அத்தாய்க்கு மகள்மேல் அன்பில்லை என்று கூறுதல் தவறு. புகுந்த வீட்டார் தன் வளர்ப்பைக் குறைகூறுவரே என அஞ்சுகிறாள். பள்ளி செல்லும் பாதை றப்பர்க் காட்டினூடே ஆளரவமின்றிக் கிடக்கிறதே என அஞ்சுகிறாள். அந்த அச்சத்தை ஏளனம் செய்வதற்கில்லை. ஆயினும் அச்சம் வகுத்த வழியில் மகளின் படிப்பு நேரம் நாள்தோறும் தேய்கிறது. மகனுக்கும் இழப்பே. அடுப்பு மூட்டத் தெரியாதவனாகவும், துயரம் வந்தால் வாய்விட்டு அழக்கூடாதவனாகவும் அவன் வளர்கிறான்.

ஆண் உடலும் பெண் உடலும் வேறுபட்டவை. அதை மறுப்பார் இலர். ஆனால், ஒரு வயிற்றிற் பிறந்த ஆண்பிள்ளைகள் இருவரில் ஒருவன் துடுக்கன், மற்றவன் அமைதியானவன் அன்றோ? குணம் முழுவதையும் பாலின்மேல் ஏற்றிச் சொன்னால், குழந்தையைக் கூர்ந்து நோக்கும் கடமையிலிருந்து பெற்றோர் தப்பிக்கொள்கின்றனர் என்றே பொருள்.

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன்கூத்து நிகழும். அதில் ரதியாக வேடமிட்டு நிற்பவன் ஓர் ஆண்மகன். ஊரார் அவனைக் கைகூப்பித் தொழுவர். அதே ஊரார், ஒரு சிறுவன் வாசலிற் கோலமிட்டால் நகைப்பர். கூத்தில் வணங்கத் தெரிந்தவர்க்கு வீட்டில் பொறுத்தல் ஏன் அரிதாக வேண்டும்? கோலமிடும் சிறுவரிற் பெரும்பாலோர்க்கு அது வெறும் விருப்பமே. மிகச் சிலர், ஊரார் சூட்டிய பாலினம் தமதன்று என உள்ளூர உணர்ந்து வளர்வதும் உண்டு. அத்தகையோர்க்குப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாட்டை இலங்கைச் சுகாதார அமைச்சு 2016இல் செய்தது. அடியினால் அவ்வுணர்வு மாறாது. பிள்ளைக்கு வீட்டின்மேலுள்ள நம்பிக்கையே அழியும்.

“பொம்பிளைப் பிள்ளை படித்து என்ன ஆகப் போகிறது?” என்ற வினாவுக்கு ருவான்வெல்லையின் வரலாற்றிலேயே விடை உண்டு. 1931இல் ஆண் பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ருவான்வெல்லைத் தொகுதியின் உறுப்பினர் மீதெனிய அதிகாரம் காலமாக, இடைத்தேர்தலில் அவர் மகள் அடலின் மொலமூரே வெற்றி பெற்றார். இலங்கை அரசாங்க சபையில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. ஒரு தந்தையின் இடத்துக்கு மகளைத் தேர்ந்தெடுத்த ஊர் அது. அவர் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். லயத்துச் சிறுமிக்கு அவ்வசதி இல்லை என்பது மெய்யே. அதனாலன்றோ அவளுக்குப் பள்ளிக்கூடம் இன்னும் இன்றியமையாததாகிறது? செல்வம் இல்லாதவளுக்குக் கல்வியே சீதனம்.

பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்பது நாட்டின் விதி. அதனை நிறைவேற்றும் முதல் இடம் வீடு. குடத்தை ஒருநாள் மகன் எடுக்கட்டும். அன்று மாலை விளக்கடியில் மகள் புத்தகத்தோடு அமரட்டும். தனிவழி அச்சந்தருமாயின், லயத்துப் பிள்ளைகள் ஒன்றுகூடிச் செல்ல, பெற்றோர் முறைவைத்துத் துணை போகலாம். இவற்றுக்குப் பொருட்செலவு வேண்டியதில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்க்குமுன், அது எத்தகைய பிள்ளை என்று பார்க்கும் மனம் ஒன்றே வேண்டும்.