மின்தாளில் எழுதிய நேரம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவத்தில் நவீன தொழினுட்பம் என்ற தலைப்பில் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். அது பெரிய கடல். நாங்கள் அதில் ஒரு செம்பு தண்ணீர் மட்டும் மொண்டு வந்திருக்கிறோம். எங்கள் பிரிவில் மூன்று வருடமாக நாங்கள் எழுதிவரும் ஒரு மின்தாள் பலகையைப் பற்றியே பேசப்போகிறோம். அதனால் கிடைத்த நன்மையையும், அதை வைத்துக்கொண்டு நாங்கள் விட்ட ஒரு பிழையையும் சொல்லவேண்டும். பிழையைச் சொல்லாமல் நன்மையை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் எதில் எழுதுகிறோம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கட்டில் தலைச்சீட்டில் என்று நினைப்பீர்கள். அது பிறகு நடப்பது. இதயம் நின்ற ஒருவர் வந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சை அழுத்துபவர் மாறவேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் போகவேண்டும். எத்தனையாவது ஊசி, எத்தனை மணிக்கு என்பதை யாராவது குறிக்கவேண்டும். அந்த நேரத்தில் கையில் அகப்படுவதில்தான் எழுதுவோம். கையுறையின் புறங்கையில் எழுதுவோம், காற்சட்டையில் ஒட்டிய பிளாஸ்டர் துண்டில் எழுதுவோம், ஊசி மருந்துப் பெட்டியின் மூடியைக் கிழித்து எழுதுவோம். கையுறையைக் கழற்றிக் குப்பை வாளிக்குள் போட்டபிறகு, அதற்குள் கைவிட்டுத் தேடிய நாட்களும் உண்டு. சிரிக்கிறீர்கள். நாங்களும் இப்போது சிரிக்கிறோம்.

2022 ஆம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்கள். தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள். எங்கள் பிரிவிலும் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதினோம். எங்களுக்கு அது புதிதல்ல. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஜாம்போத்தல் விளக்கில் படித்தவர்கள். பழைய கொப்பிகளில் எஞ்சிய தாள்களைக் கிழித்துத் தைத்துப் புதுக் கொப்பி கட்டியவர்கள். அதைத் தொலைபேசியில் பகிடியாகச் சொன்னபோது, ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி பகிடியாக எடுக்கவில்லை. அடுத்த மாதம் ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் இந்தப் பலகை வந்தது. தாதிமார் அதற்கு வைத்த பெயர் ‘சிலேற்’. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தொலைபேசித் திரை ஒளியை எங்கள் கண்ணுக்குள் அனுப்புகிறது. மின்தாள் அப்படியல்ல. தலைமயிரின் தடிப்பளவான நுண்குமிழ்கள் அதனுள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்புத் துணிக்கைகளும் வெள்ளைத் துணிக்கைகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றினால் கறுப்பு மேலே வரும், அல்லது வெள்ளை மேலே வரும். வந்தது அப்படியே நிற்கும். நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். அதனால் ஒருமுறை ஏற்றிய மின்கலம் பல நாள் தாங்குகிறது. வெயிலிலும் தாளைப் போலவே வாசிக்கலாம். 1997 இல் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் தொடங்கிய ஈ இங்க் நிறுவனம் இந்தத் தாளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2013 இல் சோனி நிறுவனம் ஏ4 தாளின் அளவில், எழுதக்கூடிய ஒன்றை வெளியிட்டது. 2017 இல் நோர்வேயிலிருந்து ரீமார்க்கபிள் வந்தது. இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. நல்லதொன்றின் விலை இன்னும் சில நூறு அமெரிக்க டொலர்தான். அந்தத் ‘தான்’ டொலரில் சம்பளம் எடுப்பவர்களுக்கு.

எங்களுக்குப் பிடித்தது அதன் பேனை. எங்களிடமுள்ள பேனைக்கு மின்கலம் கிடையாது. பலகையே காந்தப்புலத்தால் அதை உணர்கிறது. ஈரமான கையுறையோடு தொலைபேசித் திரையைத் தட்டிப் பாருங்கள், அது எங்களைக் கண்டுகொள்ளாது. இந்தப் பேனைக்குக் கையுறை ஒரு பொருட்டல்ல. பலகையை மெல்லிய பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுவிட்டு உறைக்கு மேலாலேயே எழுதுகிறோம். இரத்தம் தெறித்தால் உறையை மாற்றினால் போதும். இதயம் நின்றவர்களுக்கென நேரம், மருந்து, அளவு, கொடுத்தவர் என்று நான்கு நிரல்களோடு ஒரு பக்கத்தை வரைந்து வைத்திருக்கிறோம். ஆள் உள்ளே வந்ததும் அந்தப் பக்கம் திறக்கும், தேடவேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. எங்களுடைய பலகையில் விளக்கு இல்லை. மின்சாரம் போய் ஜெனரேற்றர் உறுமத் தொடங்கும்வரை, யாராவது டோர்ச் பிடித்தால்தான் எழுத்துத் தெரியும். ஆங்கிலக் கையெழுத்தை ஓரளவு அச்சாக்கும். தமிழைத் தொடவே தொடாது. எழுதியதைத் தானாகவே வெளிநாட்டுச் சேமிப்பகத்துக்கு அனுப்பப் பார்க்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. ஆகவே வைஃபையை அணைத்தே வைத்திருக்கிறோம். நோயாளியின் பெயரும் எழுதுவதில்லை; கட்டில் இலக்கம் மட்டுந்தான்.

எல்லாவற்றிலும் பெரிய குறை அழிப்பான். பேனையின் பின்புறத்தால் தேய்த்தால் எழுதியது இருந்த சுவடே இல்லாமல் போய்விடும். பாடசாலைப் பிள்ளைக்கு அது வரம். எங்களுக்கு அது ஆபத்து. மருத்துவக் குறிப்பில் பிழை வந்தால் வாசிக்கக்கூடியதாக ஒரு கோடு கீறி, பக்கத்தில் திருத்தி, கையொப்பமிட்டு, திகதியிட வேண்டும். விபத்தோ அடிதடியோ என்றால் நாளைக்கு நீதிமன்றம் கேட்கப்போவது அந்தக் கட்டில் தலைச்சீட்டைத்தான். சுவடில்லாமல் அழியும் தாளைச் சாட்சிக்குக் கொண்டுபோக முடியாது. எங்களுக்குச் சரித்திரம் படிப்பித்த ரீச்சர், மை அழிப்பானால் தேய்த்த கொப்பியைத் திருத்தாமல் திருப்பித் தருவா. “வெட்டி எழுது பிள்ளை, என்ன யோசிச்சனி எண்டு எனக்குத் தெரியவேணும்” என்பா. அப்போது எங்களுக்கு அவவில் கோபம்.

இனி அந்த இரவுக்கு வருகிறோம். எங்களில் ஒருவர் என்று சொல்லத் தொடங்கினோம், வேண்டாம். அந்தப் பேனை இங்கே ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் கையில்தான் இருந்தது.

வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறப்போன ஒருவரை மாலை ஆறேகால் மணியளவில் கண்ணாடி விரியன் கடித்தது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கு வந்தபிறகு இப்படியானவர்கள் முன்னரைவிட வேளைக்கு வந்துசேர்கிறார்கள். இவரும் ஏழு மணிக்கு முன் வந்துவிட்டார். மனைவியும், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் கூடவே வந்தார்கள். விரியனின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது. அதைப் பார்க்க எங்களிடம் மிக எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின் சரித்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் கட்டியாக நிற்கும், இல்லாவிட்டால் ஓடும். அவருடையது ஓடியது. ஒவ்வாமையைத் தடுக்கச் சிறிதளவு அட்ரினலினைத் தோலின் கீழ்ப் போட்டுவிட்டு, பாம்பு நஞ்சு முறிப்பு மருந்தை ஏற்றத் தொடங்கினோம். அப்போது மணி ஏழு ஐம்பது. சிலேற்றில் எழுதினோம்.

அதே நேரத்தில் சந்தியில் இரண்டு மோட்டார்சைக்கிள் மோதி மூன்று பேர் வந்துசேர்ந்தார்கள். தாதி மருந்துப் பத்திரத்தோடு வந்து நேரம் கேட்டா. “எங்களிட்டை இருக்குது மிஸ்ஸி, பிறகு போடுவம்” என்று சொன்னோம். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை.

பத்து மணிக்கு மேல் அவருக்குச் சிறுநீர் குறைந்தது. விரியன் கடியில் சிறுநீரகம் கெடுவதுண்டு. குருதி சுத்திகரிப்பு வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினோம். மாற்றல் கடிதத்தில் நஞ்சு முறிப்பு மருந்து கொடுக்கப்பட்டது என்று எழுதினோம். எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடமை முடிந்து, சிலேற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். தொலைபேசியை அடுத்த அறையில் மின்னேற்றப் போட்டுவிட்டுப் படுத்தோம்.

பெரிய வைத்தியசாலையில் நள்ளிரவு கடந்து சோதனை செய்தபோது இரத்தம் இன்னும் உறையவில்லை. அங்கிருந்த இளம் வைத்தியர் எந்த இக்கட்டில் நின்றார் என்று விளங்கவேண்டும். மருந்து நஞ்சை முறித்தாலும், உறைதலுக்கு வேண்டிய பதார்த்தங்களை ஈரல் மீண்டும் உண்டாக்க மணித்தியாலங்கள் எடுக்கும். அதனால்தான் மருந்து ஏற்றி ஆறு மணித்தியாலத்தின் பின் சோதனையைத் திரும்பச் செய்கிறோம். ஆறு மணித்தியாலம் கடந்தும் உறையவில்லை என்றால் மருந்து போதவில்லை, மறுபடி கொடுக்கவேண்டும். கடக்கவில்லை என்றால் காத்திருக்கவேண்டும். வீணாகக் கொடுத்தால், ஒவ்வாமையால் மூச்சு அடைத்து இரத்த அழுத்தம் விழும் ஆபத்துக்குள் அவரை இரண்டாம் தரமும் தள்ளுகிறோம். கொடுக்கவேண்டிய இடத்தில் கொடுக்காவிட்டால் மூளையில் இரத்தம் கசியலாம். எல்லாம் ஒரு நேரத்தில் தங்கியிருந்தது. அந்த நேரமோ எங்கள் வீட்டு மேசையில், பைக்குள் கிடந்தது.

எங்கள் பிரிவுக்கு அழைத்தார். மருந்துப் பத்திரத்தில் அந்த இடம் வெறுமை. எங்களுக்கு அழைத்தார், நாங்கள் நித்திரை. அவர் கடைசியில் வெளி வாங்கில் இருந்த மனைவியிடம் கேட்டார். மனைவிக்கு நினைவில்லை, யாருக்குத்தான் நினைவிருக்கும்? அப்போது அந்தப் பிள்ளை உள்ளங்கையை விரித்துக் காட்டியிருக்கிறாள். நீலப் பேனையால் மூன்று வரி. 7.00 ரத்தம் எடுத்தது. 7.40 ஊசி. 7.50 மருந்து ஏத்தத் தொடங்கினது. வியர்வையில் கொஞ்சம் கரைந்திருந்தாலும் வாசிக்கலாம். ஏன் எழுதினாய் என்று கேட்டதற்கு, “டொக்டர் நேரத்தைச் சத்தமாச் சொன்னவா, அதுதான் எழுதினனான்” என்றாளாம்.

அவர் காத்திருந்தார். இரண்டு மணிக்கு எடுத்த இரத்தம் உறைந்தது. நோயாளி சில வாரத்தில் வீடு திரும்பினார். காலையில் பதினொரு தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டுத் திருப்பி அழைத்தபோது, அந்த இளம் வைத்தியர் எங்களை ஏசவில்லை. பிள்ளையின் கையைப் பற்றி மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு சிலேற் எங்கள் பிரிவை விட்டு வெளியே போவதில்லை. பையில் போடுவதில்லை, மேசைக் காலோடு ஒரு சங்கிலி போட்டிருக்கிறோம், வங்கிப் பேனையைப் போல. நோயாளி ஒருவர் கதவைத் தாண்டுவதற்கு முன் ஒருவர் சிலேற்றைப் பார்த்து நேரங்களைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர் மையால் தலைச்சீட்டிலும் மாற்றல் கடிதத்திலும் எழுதுவார். இரண்டு நிமிடம் போகும். அம்புலன்ஸ் சாரதிமார் முறைப்பார்கள். சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால் அவர்களுக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். பலகையை விட்டுவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். விடவில்லை. கையுறையிலும் மருந்துப் பெட்டி மூடியிலும் தொலைந்த நேரங்கள் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும். அதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அது எங்கள் கைக்குறிப்பு மட்டுமே, நோயாளியின் பதிவு அல்ல. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் எங்கள் பிழை.

ரொறன்ரோத் தோழிக்கு முழுக் கதையையும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப இன்னொண்டு அனுப்பட்டோ, அனுப்பாமல் விடட்டோ?” என்று கேட்டாள். இன்று இந்த மண்டபத்தில் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்திருக்கும் தோழிகளும் காலையிலிருந்து அதையேதான் கேட்கிறார்கள். அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறோம். பலகை ஒன்று போதும். எங்கள் பிரிவில் இருக்கும் சுவர்மணிக்கூடு ஆறு நிமிடம் பிந்தி ஓடுகிறது. மூன்றாம் கட்டிலிலிருந்து பார்த்தால் தூண் மறைக்கிறது. வினாடி முள்ளுள்ள, பெரிய இலக்கம் போட்ட மணிக்கூடு இரண்டு வாங்கித் தாருங்கள். மின்சாரம் போனாலும் ஓடுகிறதாக இருக்கட்டும்.