தீர்ப்பில் விளைந்த சட்டம்



ஆண்டு விழாவில் சட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். அண்டை வீட்டுக்காரன் தேக்கிய நீர் நம் வீட்டை அழித்தால் யார் பொறுப்பு என்னும் கேள்வி எந்நாளும் நம்மைச் சார்ந்ததன்றோ? அக்கேள்வியின் வழியே ஆங்கிலப் பொதுச் சட்டத்தைக் காண்போம்.

‘காமன் லா’ எனப்படும் இச்சட்டம் எந்த அரசனும் எழுதித் தந்த நூலன்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபோது, அங்கே வட்டாரந்தோறும் வழக்கம் வேறாக இருந்தது. 1154 முதல் 1189 வரை ஆண்ட இரண்டாம் ஹென்றி மன்னர் தம் நீதிபதிகளை ஊர் ஊராக அனுப்பினார். அவர்கள் ஆங்காங்கே வழக்குகளைத் தீர்த்தனர். ஓரிடத்துத் தீர்ப்பு நாளடைவில் மற்றோரிடத்துக்கும் வழிகாட்டியாயிற்று. நாடு முழுமைக்கும் பொதுவானமையின் அது பொதுச் சட்டம் எனப்பட்டது. முன்னோர் தீர்ப்பைப் பின்னோர் போற்றுதலே பிற்காலத்தில் அதன் உயிர்நிலையாக அமைந்தது.

ஆங்கிலச் சட்டம் என்கிறோம். ஆனால் ஆங்கில நாட்டு மன்றங்களில் நெடுங்காலம் ஒலித்தது பிரெஞ்சு மொழி! ஆங்கிலத்திலேயே வாதிட வேண்டுமென 1362இல் ஒரு சட்டம் செய்தனர். அச்சட்டத்தையும் பிரெஞ்சிலேயே எழுதினர். தாய்மொழியில் நீதி கேட்கும் வேட்கை நமக்கு மட்டும் உரியதன்று போலும்.

இனி நீரின் கதைக்கு வருவோம். லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்னும் ஆலை முதலாளி நீர்த்தேக்கம் ஒன்று கட்டுவித்தார். அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்ததை அவர் அறியார். 1860இல் நீர் அவற்றின் வழியே பாய்ந்து, அண்டையிலிருந்த பிளெட்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் மீது கவனக்குறைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், தப்பினால் தீங்கு செய்யும் பொருளைத் தன் நலத்துக்காகத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவனே விளைவுக்குப் பொறுப்பு என்று நீதிபதி பிளாக்பர்ன் 1866இல் கூறினார். பிரபுக்கள் சபையும் 1868இல் அதனை ஏற்றது.

இவ்விதி கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. 1726ஆம் ஆண்டுச் சாசனத்தாலும், 1862இல் தோன்றிய உயர்நீதிமன்றங்களாலும் ஆங்கில முறை இங்கே வேரூன்றியிருந்தது. சென்னை மாகாணத்தில், கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து இரயில் பாதையைச் சேதப்படுத்தின. லங்காஷயர் விதிப்படி ஜமீன்தார் ஈடு தர வேண்டுமென வாதிட்டது இரயில்வே கம்பெனி. இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1874இல் அதனை மறுத்தது. இந்நாட்டு ஏரிகள் தொன்மையானவை. மக்களின் பாசனத்துக்கு இன்றியமையாதவை. அவற்றைப் பேணுதல் ஜமீன்தாரின் கடமை. ஆகவே தன் ஆலைக்கு நீர் தேக்கியவரோடு அவரை ஒப்பிடலாகாது என்பது அதன் கருத்து. ஏரியின் அருமையை இலண்டன் நீதிபதிகள் உணர்ந்தனர் என்பது எனக்கு இன்றும் வியப்பே.

நாடு விடுதலை பெற்ற பின்னும் பழைய சட்டங்கள் தொடர அரசியலமைப்பின் 372ஆம் விதி இடமளித்தது. குற்றவியலில் 1860இன் தண்டனைச் சட்டம் நீங்கி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. தீங்குக்கு ஈடு தேடும் உரிமையோ இன்றும் பெரும்பாலும் தீர்ப்புகளிலேயே வாழ்கிறது.

போபால் பேரிடர் நிகழ்ந்து ஓராண்டே ஆகியிருந்தது. 1985 டிசம்பரில் தில்லி ஆலையொன்றிலிருந்து ஓலியம் வாயு கசிந்து பலரைத் துன்புறுத்தியது. லங்காஷயர் விதியில் காலப்போக்கில் விலக்குகள் பல சேர்ந்திருந்தன: இயற்கையின் சீற்றம் என்று சொல்லித் தப்பலாம், அயலான் செயல் என்றும் சொல்லித் தப்பலாம். தலைமை நீதிபதி பகவதி தலைமையில் ஐவர் அமர்ந்த உச்சநீதிமன்றம் 1986 டிசம்பரில் அவ்விலக்குகளை ஏற்க மறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில விதி இக்காலத் தொழிற்சாலைக்குப் போதாது என்றது. அபாயகரமான தொழிலை நடத்துவோர் எவ்விதச் சாக்குமின்றி முழுப் பொறுப்பேற்க வேண்டும். நிறுவனம் எவ்வளவு பெரிதோ அதற்கேற்ப ஈடும் பெரிதாக வேண்டும் என்றும் வகுத்தது.

ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றமோ 1994இல் அதே லங்காஷயர் விதியைத் தனி விதியாகக் கொள்ளாமல், கவனக்குறைவு பற்றிய பொது விதியினுள் அடக்கிவிட்டது.