ஆயாக் கொட்டகையும் அக்காமாரின் படிப்பும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்குக் கைதட்டுகிறோம். இவர்களை வளர்த்தவர் யார்? பெற்றவர்கள்தான் என்பீர்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நம் நியாலாஸ் பக்கம் ரப்பர் மரங்கள் நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். ஆகவே அப்பா, அம்மா இருவரும் இருட்டிலேயே புறப்பட வேண்டும். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு ஓடுவார்கள். அங்கே வரிசையாகச் சேலைத் தூளிகள். மரம் வெட்ட முடியாத வயதில் ஒரு பாட்டி, ஒரு தூளியைக் கையாலும் இன்னொன்றைக் காலாலும் ஆட்டிக்கொண்டிருப்பார். அந்த ஆயாவுக்கு எந்த மேடையில் மாலை போட்டோம்?

கொட்டகை இல்லாத தோட்டத்தில் மூத்த பெண்பிள்ளைதான் ஆயா. மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளி வந்தது. ஆனால் தம்பி அழுதால் அக்காவின் படிப்பு நின்றது. என் தாயார் மூன்றாம் வகுப்போடு நின்றதும் அப்படித்தான். அவர் தூக்கி வளர்த்த என் மாமா நல்ல உத்தியோகம் பார்த்தார். அம்மாவோ இன்றும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். "எனக்கும் படிக்க ஆசதாம்மா. தம்பிய யாரு பாக்கிறது?" என்று ஒருநாள் சொன்னார். நான் பதில் பேசவில்லை.

காலம் மாறியிருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு, 2023 ஜனவரி முதல் 98 நாள். 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல கொட்டகைகளும் மூடிப்போயின. ஆனால் என் வருகைப் பதிவேட்டில் பழைய கதை முடியவில்லை. "ஏன்மா நேத்து வரல?" என்றால், "தம்பிக்குக் காய்ச்சல், டீச்சர்" என்கிறாள் ஒரு சிறுமி.

பெற்றோர்களே, கைகூப்பிக் கேட்கிறேன். கைக்குழந்தையைப் பார்க்க அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். அக்கம்பக்கத்தார் முறைபோட்டுப் பாருங்கள். தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தைப் பராமரிப்பு இடத்துக்கும் வழியுண்டு. சேர்ந்து போய் ஆபீசில் கேளுங்கள். கைத்தொலைபேசியை ஆயாவாக்காதீர்கள், அதற்குத் தாலாட்டத் தெரியாது.

மாணவர்களே, இன்று வாங்கும் பரிசை முதலில் உங்களைத் தூக்கி வளர்த்தவர் கையில் கொடுங்கள். அவர் பாட்டியாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம்.