ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரும் நாட்டுப் பாதுகாப்பும்

(டெல்லி சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2022 நவம்பர் 23 அன்று எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் முடங்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ரான்சம்வேர் என்கிறார்கள், தகவலைப் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் பறிக்கும் கொள்ளை. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஏறத்தாழ இரண்டு வாரம் சீட்டும் பரிசோதனை முடிவும் கையெழுத்தில்தான் நடந்தன. 'லிங்க் இல்லை' என்று சொன்னதும் வரிசை என்ன பாடுபடும் என்பது ரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்களுக்குத் தெரியும். டிக்கெட்டாவது நாளைக்கு எடுக்கலாம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நோயாளியோடு வந்தவன் என்ன செய்வான்?

டெல்லி போலீஸ் சைபர் பயங்கரவாதம் என்றே வழக்குப் போட்டது. சரிதான், இது நாட்டுப் பாதுகாப்பு விஷயமே. ஆனால் திருடன் நுழைந்ததற்குக் காரணம், நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரித்து வைக்காதது என்று அதே அரசுதான் சொன்னது. நோயாளிகளின் பதிவுகள் திரும்பக் கிடைத்ததும் பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரால்தான். எல்லையில் காவல் போடுகிற அரசு இந்த அறைக்கும் காவல் போட வேண்டாமா?

நம் வட்டார அரசு ஆஸ்பத்திரியில் அப்படித் தனிப் பிரதி உண்டா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்டு மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.