வயசு மேல பழி போடலாமா?



காலையில் பார்த்ததுமே நண்பன் கேட்டான்: "என்னடா இவ்வளவு தொப்பை?" "வயசாச்சுடா, சாப்பிட்டது எரிய மாட்டேங்குது" என்றேன். அது பொய். 29 நாடுகளில் 6,400 பேருக்கு மேல் அளந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடல் அளவைக் கணக்கில் கொண்டால் 20 வயது முதல் 60 வரை வளர்சிதை மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குக் குறைந்தது தசையும் நடமாட்டமும். விடுதிக்கும் வகுப்புக்கும் நாளுக்கு நாலு தடவை நடந்தவன், தெருமுனைக் கடைக்கே ஸ்கூட்டர் எடுத்தேன்.

அப்புறம் ஒரு தப்பு செய்தேன். மூணு மாசம் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். எடை குறைந்தது, தண்ணீர்க் குடம் தூக்கக் கை நடுங்கியது. பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் கரையும், உடம்பும் சிக்கனத்தில் இறங்கிவிடும். பழையபடி சாப்பிட்டதும் போன எடை வட்டியோடு திரும்பியது.

இப்போது தினம் அரை மணி நடை. வாரம் இரண்டு நாள் தண்டால், பஸ்கி. தட்டில் சோறு கொஞ்சம் குறைவு. பருப்பு, சுண்டல், முட்டை கூடுதல். புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10தான். ராத்திரி ஏழு மணி நேரத் தூக்கம். கொழுப்பைக் கரைக்கும் பொடி எதுவும் வாங்கவில்லை.

தம்பி தங்கைகளே, இருக்கிற தசையைக் காப்பது சுலபம், இழந்ததை மீட்பதுதான் பாடு. மாடிப்படி ஏறுங்க. லிப்டை எங்களுக்கு விட்டுடாதீங்க, நாங்களும் படியிலேயே வர்றோம்!